நாலு பத்து

"உன் வீட்டில் கறுப்பு மை தீரப்போகிறது" என்று
கப்பலிலிருந்து எழுதினான் ரைட்டிஸ்.
என்னிடம் பிரிண்டரே கிடையாது.

லியெபாயா ஏரியைப் பார்த்த பால்கனியில்
ஒரு மைக்.
காற்று இரையாமலிருக்க அதற்கு ஒற்றைக் காலுறை,
ரப்பர் பட்டையால் கட்டியது.
உள்ளே, கீல் உடைந்த மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுகிறது.
இரவெல்லாம் நாணல் கொக்கின் குரலை
கினி வளைகுடாவில் நங்கூரமிட்டிருக்கும் என் தம்பிக்கு
அனுப்புகிறது.
காலிப் புட்டியின் வாயில் யாரோ ஊதுவது போன்ற குரல்.
கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம் அவனுக்கு.

நான் கொடுத்தது ஓர் எண்.
இருநூற்று மூன்றில் தொடங்கி நாற்பத்தொன்றில் முடிவது.
காலையில் அது நூற்றெட்டில் முடிந்தது,
மறுநாள் பதினேழில்.
நாற்பத்தொன்று இந்நேரம்
இதே ஊரில் வேறொருவர் வீட்டுக்குக் குடிபோய்விட்டது,
பிரிண்டர் வைத்திருக்கும்,
கதவைத் தாழிடாத யாரோ ஒருவர்.

முதலில் என்னையே சந்தேகித்தேன்.
லாக்கைத் திறந்து கீழிருந்து மேலாகப் படித்தேன்.
இரண்டு நிரல்கள்
ஒரே வாசலில் நின்று
ஆளுக்கொரு பெயர் சொல்லி
ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரி கேட்டுக்கொண்டிருந்தன.
ஒன்றை நிறுத்தினேன்.
வென்றுவிட்டேன் என்று பீட்ரூட் சூப்பைச் சூடாக்கிக் குடித்தேன்.

விடிந்தால் அறுபத்திரண்டு.

கேபிளை மாற்றினேன். மோடத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன்.
முகவரியின் குத்தகை ஒரு நாள் முழுக்க இருக்கிறது,
பாதியில் தானே நீட்டிக்கொள்ள வேண்டியது,
நீட்டிக்கொள்ளவும் செய்கிறது.
பிறகு ஏன்?
நிறுவனத்துப் பையன் தொலைபேசியில் சொன்னான்:
மாறாத முகவரிக்கு மாதம் ஒன்பது யூரோ.
இது ஏன் மாறுகிறது என்றேன்.
"மாறும்" என்றான்.
டிராம் ஓட்டுகிறவள் நான்.
ஏன் தாமதம் என்று பயணிகள் கேட்டால்
இதே குரலில்தான் "தாமதம்" என்பேன்.

லாக்கில் இரண்டு வரிகள் மட்டும் அதே மணிக்கு வந்தன.
நாலு பத்து, இணைப்பு அறுந்தது.
நாலு பதினொன்று, இணைப்பு வந்தது.
ஞாயிறு மட்டும் இல்லை.

ஞாயிறு மட்டும் இல்லை என்பதைப் பார்க்க
எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

திங்கள் விடியலில்
சமையலறை முக்காலியில் காத்திருந்தேன்.
நாலு பத்து.
குளிர்சாதனப் பெட்டி ஒரு தரம் விக்கியது.
விளக்கு கண் சிமிட்டியது.
மோடத்தின் பச்சைப் புள்ளிகள் நான்கும் அணைந்தன.
மடிக்கணினி மட்டும் அசையவில்லை.
வயிற்றில் பேட்டரி, பட்டினி தெரியாத பிள்ளை.
தரைப்பலகைகளுக்குக் கீழே
எதுவோ உறுமிக்கொண்டு எழுந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
முழங்கை வரை மாவோடு கதவைத் திறந்தாள் வெல்டா.
"அடுப்புச் சத்தமா?"
"இல்லை, முகவரி" என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
முதல் ஈட்டு ரை ரொட்டி ஒன்றை
காகிதத்தில் சுற்றித் தந்தாள், காசு வாங்கிக்கொண்டு.
கைச்சூட்டோடு படியேறும்போது
அடுப்பைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
நாலரைக்கு ஊரில் வேறு யார் விழித்திருக்கிறார்கள்,
அவளும் நானும் கொக்கும்தானே.

பதினோரு வரி எழுதினேன்.
ஐந்து நிமிடத்துக்கொரு தரம் வெளியே போய்
இப்போது நம் எண் என்னவென்று விசாரிக்கும்.
மாறியிருந்தால் ஒரு பெயரிடம் போய்ச் சொல்லிவிடும்.
முதல் இரவு, என் தவறால்,
பழைய எண்ணையே தொண்ணூறு தடவை சொன்னது.
இரண்டாம் இரவு சரியாகச் சொன்னது.
ரைட்டிஸுக்கு இனி எண் வேண்டாம்.
பெயரைத் தட்டினால் ஏரி.

நேற்று அவன் எழுதியிருந்தான்:
"இங்கே இரண்டு பத்து.
கொக்கு பாதிக் குரலில் நின்றுவிட்டது.
ரொட்டி அடுப்பில் ஏறிவிட்டதா?"

ஏறிவிட்டது என்று பதில் போட்டு
முதல் டிராமை எடுக்கக் கிளம்பினேன்.
நாற்பத்தொன்றாம் எண்காரர்
மை வாங்கினாரா, தெரியவில்லை.